அந்தமானுக்கு வீசாதீங்க

பீச்சில் நின்று தூண்டில் போட்டால் மீன் விழுமா என்று கேட்காத சொந்தக்காரர் எனக்கு இல்லை. விழும். நாம் நினைக்கிற இடத்தில் விழாது, அவ்வளவுதான். இந்தப் பதிவு அந்த இடத்தைப் பற்றியது. எந்தக் கோல், எந்த ரீல் என்று தேடி வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அது நடுவில் எங்கேயோ நாலு வரியில் வரும்.

ஈசிஆரில் கானத்தூர் தாண்டி ஒரு குப்பத்துக்கு ஓரமாக, விடிகாலையில் ஒரு இளைஞர் வீசிக்கொண்டிருந்தார். பதினான்கு அடிக் கோல், பளபளவென்று பெரிய ரீல், இடுப்பில் பெல்ட். நாலடி ஓடிவந்து உடம்பை முறுக்கி ஒரு வீச்சு. ஈயம் எங்கே போய் விழுந்ததென்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. வீச்சுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு கரையோடு நடந்து வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார்.

"இன்னா சார், அந்தமானுக்கா வீசுறீங்க? மீனு இங்க காலாண்ட கீது."

இளைஞர் சிரித்தார். நம்பவில்லை. பெரியவர் கொஞ்ச தூரம் நகர்ந்து, தண்ணீரையே பார்த்தபடி நின்றார். ஒரு அலை போனது, இரண்டு போனது, அசையவில்லை. மூன்றாவது அலை வடிகிற நேரத்தில் முழங்கால் தண்ணீரில் வலையை விரித்தார். உள்ளே ஏழெட்டு மடவை.

அவருடைய பூகோளமும் சரிதான். சென்னையிலிருந்து நேர் கிழக்கே கோடு இழுத்தால் 1,300 கிலோமீட்டருக்கு மேல் போய் அந்தமானில்தான் முட்டும்.

இந்தத் தூரப் பைத்தியம் நம் ஊரில் முளைத்ததில்லை. யூடியூபிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் தூண்டில் வீச்சுக்கென்றே போட்டிகள் உண்டு. 150 கிராம் ஈயத்தை 250 மீட்டருக்கு மேல் வீசுகிற மனிதர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் போட்டிகள் நடப்பது புல்தரையில், முள்ளில் இரை இல்லாமல். இதை வீடியோவின் தலைப்பில் யாரும் போடுவதில்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில், ஹட்டெரஸ் முனைப் பக்கத்துக் கடற்கரைகளில் 8 அவுன்ஸ் ஈயத்தோடு பெரிய மீன் துண்டையும் கோத்து வீசுவார்கள். அங்கே 'ரெட் டிரம்' என்கிற மீன் வெளித்திட்டுகளை ஒட்டித் திரியும். 1984இல் அங்குள்ள ஏவன் என்ற ஊரில் பிடிபட்டது 94 பவுண்டு 2 அவுன்ஸ், இன்றுவரை உலக சாதனை. அந்த மீனுக்கு அந்தத் தூரம் நியாயம். நம் கரையோரம் வருகிற கிழங்கானுக்கும் காலாவுக்கும் மடவைக்கும் அவ்வளவு தூரத்தில் வேலையே இல்லை.

ஏன் என்று கேட்டால், அலையைப் பார்க்கவேண்டும்.

கரைக்கு வந்ததும் கோலைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். மணல் கொஞ்சம் உயரமாக இருக்கிற இடத்தில் ஏறி நின்று பத்து நிமிஷம் சும்மா பாருங்கள். அலை முதலில் எங்கே உடைகிறது? அந்த இடத்தில் தண்ணீருக்கடியில் மணல் திட்டு இருக்கிறது. தன் உயரத்துக்கு ஆழம் போதாமல் போகும்போதுதான் அலை உடையும். ஒரு மீட்டர் அலை, ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர் ஆழத்தில் உடைந்துவிடும். அதனால் கரையில் நின்றபடியே அந்தத் திட்டின்மேல் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். உடைந்த அலை நுரையோடு கொஞ்ச தூரம் வந்து, சட்டென்று அடங்கி, கரையோரம் மறுபடி எழுந்து உடைகிறதா? நடுவில் அடங்கிய இடம் பள்ளம். அங்கே தண்ணீரின் நிறம் ஒரு சாயல் கருப்பாக இருக்கும். வெயில் ஏறிவிட்டால் போலராய்டு கண்ணாடி போட்டுப் பாருங்கள், நிறம் பிரிந்து தெரியும்.

இந்தப் பள்ளம்தான் மீன்களின் கையேந்தி பவன். கரையில் மோதித் திரும்புகிற ஒவ்வொரு அலையும் மணலைக் கிளறி, உள்ளே புதைந்திருக்கிற புழு, மட்டி, முட்டை வடிவக் குட்டி நண்டு எல்லாவற்றையும் இழுத்து வந்து இதில் கொட்டுகிறது. தண்ணீர் கலங்கலாக இருப்பதால் மேலே பறக்கிற பறவையின் கண்ணிலும் மீன் அவ்வளவாகப் படாது. விடிகாலையிலும் இருட்டிய பிறகும் மீன் இங்கே தைரியமாக வரும். நம் கரையில் பல இடங்களில் இந்தப் பள்ளம் கரையிலிருந்து முப்பது, நாற்பது மீட்டருக்குள் இருக்கிறது. சில இடங்களில் பத்தே மீட்டர்தான். நூறு மீட்டருக்கு வீசுகிறவர் மீனைத் தாண்டி வீசிவிட்டு, இரை கிடக்கும் திட்டுக்கு அப்பால் மீன் இல்லையே என்று வருத்தப்படுகிறார்.

இன்னொன்றையும் அந்தப் பத்து நிமிஷத்தில் பார்த்துவிடுங்கள். திட்டு எல்லா இடத்திலும் தொடர்ச்சியாக இருக்காது. நடுவில் வெட்டு விழுந்திருக்கும். இரண்டு பக்கமும் அலை உடைய, அங்கே மட்டும் உடையாமல், கலங்கல் தண்ணீரும் நுரையும் கடலை நோக்கி ஓடும். கரையில் குவிந்த தண்ணீர் திரும்பிப் போகிற வழி அது. அதன் ஓரங்களில் மீன் நிற்கும், வருகிற தீனிக்காக. ஆனால் அலை குறைவாகத் தெரிகிறதே என்று குளிக்க இறங்குகிறவர்கள் தேர்ந்தெடுப்பதும் அதே இடத்தைத்தான். சென்னைக் கடற்கரையில் ஆட்கள் இழுத்துக்கொண்டு போகப்படுவது பெரும்பாலும் இந்த மாதிரி வெட்டுகளில். தூண்டில்காரர் அங்கே இடுப்பளவு இறங்கி நிற்கக்கூடாது. தப்பித் தவறி இழுத்துவிட்டால் கரையை நோக்கி நீந்தாமல், கரையோடு பக்கவாட்டில் நீந்தி வெட்டிலிருந்து வெளியே வரவேண்டும்.

அடுத்தது நீரோட்டம். குப்பத்தில் கேட்டால் இன்றைக்குத் தெண்டியா வன்னியா என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வன்னி. நாம் கடலைப் பார்த்து நின்றால் இடது கை வடக்கு. ஆக, தெண்டி ஓடும்போது ஈயம் இடது பக்கமாக நகரும், வன்னி ஓடும்போது வலது பக்கமாக. தென்மேற்குப் பருவத்தை ஒட்டிய நீண்ட மாதங்கள் கரையோர ஓட்டம் வடக்கு நோக்கித்தான். வடகிழக்குப் பருவத்தில் திரும்பிக்கொள்ளும். வருஷக் கணக்கில் பார்த்தால் வடக்கே போகிற மணல்தான் அதிகம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது, வடக்கே போகவேண்டிய மணல் தெற்கே தேங்கி மெரினா அகலமானது. மணல் வராத ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. உங்கள் நூறு கிராம் ஈயத்தை இழுக்கிற ஓட்டமும், ஒரு நகரத்தின் கரையை மாற்றி வரைந்த ஓட்டமும் ஒன்றேதான்.

ஓட்டம் பலமாக இருந்தால் உருண்டை ஈயம் நிற்காது, கரையோடு உருண்டு வந்து பக்கத்து ஆளின் நரம்போடு பின்னிக்கொள்ளும். பிரமிடு வடிவ ஈயம் மணலில் குத்தி நிற்கும். அதையும் மீறினால் கம்பிக்கால் வைத்த ஈயம். ஓட்டம் மிதமாக இருக்கிற நாளில் நான் ஈயத்தை வேண்டுமென்றே குறைத்துப் போடுவேன். இரை பள்ளத்தோடு மெதுவாக நகரட்டும், நானும் கூடவே நடப்பேன். மீன் வரும்வரை ஒரே இடத்தில் ஸ்டாண்டில் கோலை நட்டுவிட்டு செல்போன் பார்ப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். பிடித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் மீன் விழுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடல் ஏறுவதும் வற்றுவதும் சென்னையில் பெரிய விஷயமில்லை என்பார்கள். அளவில் உண்மைதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக்கூட ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் சுற்றித்தான் இருக்கும். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் அது பத்து மீட்டரைத் தொடும். ஆனால் அரை மீட்டர் ஆழத்துத் திட்டின்மேல் இன்னொரு அரை மீட்டர் ஏறினால் ஆழம் இரட்டிப்பாகிவிடுகிறது. வெளியிலிருக்கிற மீன் திட்டைத் தாண்டி உள்ளே வர அது போதும். தண்ணீர் ஏற ஆரம்பித்ததிலிருந்து நிரம்பும் வரைக்குமான நேரம், அது விடிகாலையோடு ஒத்துப்போனால், வேறு வேலையை ஒத்திப்போடலாம். விடிகாலைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: கரைக்காற்று. நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிற அந்தக் காற்றில் அலை படிந்து, தண்ணீரைப் படிக்கலாம். மத்தியானம் கடற்காற்று ஏறிவிட்டால் எல்லாம் ஒரே நுரைதான்.

மாதங்களில் எனக்குப் பிடித்தது மழை ஓய்கிற சமயம். முட்டுக்காடு, அடையாறு, பழவேற்காடு மாதிரி முகத்துவாரங்கள் கோடையில் மணல் அடைத்துச் சுருங்கிக் கிடக்கும். மழை வெள்ளம் வந்து வாய் அகலமாகத் திறந்ததும் உள்ளிருந்து இறாலும் பொடி மீனும் கடலுக்கு இறங்கும், அதைத் தின்ன வெளியில் கொடுவா காத்திருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் மீன் கூடுமா என்று பலர் கேட்கிறார்கள். தடை விசைப்படகுகளுக்கு. பள்ளத்துக் கிழங்கானுக்கு அந்தத் தேதி தெரிந்த மாதிரி எனக்குப் படவில்லை.

சரி, சாமான். பன்னிரண்டு அடிக் கோல் ஒன்று, 5000 அல்லது 6000 அளவு ரீல், நூறு கிராம் வரை தாங்கினால் தாராளம். உப்புத் தண்ணீரில் பாழாகிற சாமானுக்கு அதற்கு மேல் செலவு செய்யச் சொல்ல எனக்கு மனசில்லை. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: லீடர். மெல்லிய மெயின் நரம்பின் நுனியில் கட்டுகிற தடித்த நரம்பு அது. ஈயத்தின் ஒவ்வொரு அவுன்ஸுக்கும் 10 பவுண்டு என்பது உலகம் முழுக்க உள்ள கணக்கு. 4 அவுன்ஸ் ஈயம், அதாவது 113 கிராம் என்றால் 40 பவுண்டு லீடர். வீசும்போது மெல்லிய நரம்பு அறுந்தால் அந்த ஈயம் துப்பாக்கிக் குண்டுபோலத்தான் போகும். வாக்கிங் போகிறவர்கள் நிறைந்த பெசன்ட் நகர் பீச்சில் ஞாயிற்றுக்கிழமை மாலை கோலைச் சுழற்றுகிறவர்களை நான் ஆதரிக்க மாட்டேன்.

இரைக்கு நேரம் செலவழியுங்கள். மார்க்கெட்டில் வாங்கின இறாலே போதும், ஆனால் கோர்க்கிற விதம் இருக்கிறது. தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, வால் பக்கத்திலிருந்து முள்ளை உள்ளே விட்டு, சதையோடு வளைத்துக்கொண்டே வந்து முனை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி எடுங்கள். பிறகு மெல்லிய எலாஸ்டிக் நூலால் ஏழெட்டுச் சுற்று. முடிச்சு வேண்டாம், இழுத்து அறுத்தால் தானே பிடித்துக்கொள்ளும். இப்படிக் கட்டாத இறால் வீச்சிலேயே கழன்று பறந்துவிடும். நீங்கள் வெறும் முள்ளோடு அரைமணி நேரம் தவம் கிடப்பீர்கள். காலாவுக்கும் பாரைக்கும் மத்தித் துண்டு. கடம்பா துண்டு கெட்டியானது, பொடி மீன்கள் கொறித்துத் தீர்க்காது. எல்லாவற்றையும்விட நல்ல இரை காசில்லாமல் காலடியிலேயே கிடக்கிறது. அலை வடியும்போது ஈர மணலில் குட்டிக் குட்டியாகக் கூம்பு வரிகள் தெரியும். மணலுக்குள் புதைந்த நண்டுகள் மீசையை நீட்டித் தீனியை வடிகட்டுகிற இடம் அது. இரண்டு கையாலும் அள்ளினால் நாலைந்து கிடைக்கும். பள்ளத்து மீன் தினமும் தின்பது இதைத்தானே.

கிழங்கானுக்கு வாய் சின்னது. 8, 10 எண் முள்ளுக்கு மேல் பெரிதாகப் போட்டால் இரையைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். கோல் நுனி இரண்டு முறை படபடவென்று நடுங்கி நின்றுவிடும். அப்போது வெட்டி இழுக்காமல் மெதுவாகத் தூக்கிப் பார்த்தால் கனம் தெரியும். பெரிய வலைகளை இழுக்கும்போது இந்த மீன் மணலுக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளும். வலை மேலே ஓடிப்போகும், இது உள்ளே இருக்கும். காலா அப்படியில்லை. ஒரே அடி, கோல் ஸ்டாண்டிலிருந்து எகிறும்.

கொடுவா விழுந்துவிட்டால் போட்டோ எடுக்காமல் இருக்கச் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒரு விஷயம். கொடுவா ஆணாக வளர்ந்து, பெரிதான பிறகு பெண்ணாக மாறுகிற மீன். காலாவும் அப்படியே. ஆகவே பெரிய மீன் என்றாலே அநேகமாக முட்டையிடுகிற பெண். சென்னையிலேயே இருக்கிற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் கொடுவாவைத் தொட்டியில் வைத்து இனப்பெருக்கம் செய்ய வைத்தது. இன்று ஓட்டல் தட்டில் வருகிற கொடுவா பல நேரம் பண்ணை மீன்தான். ருசிக்கு அது இருக்கும்போது, முகத்துவாரத்தில் பிடிபட்ட பத்துக் கிலோக்காரியைத் திரும்ப விட எனக்கு யோசனை வருவதில்லை. பக்கத்தில் நிற்கிற குப்பத்துக்காரர்கள் என்னைப் பைத்தியமாகப் பார்ப்பார்கள். அவர்களுக்கு அது ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவு. என் பொழுதுபோக்கின் தர்மத்தை அவர்களுக்கு நான் போதிக்க முடியாது, போதிப்பதும் இல்லை.

கேட்காமலே வருகிற மீன்கள் தனி. கடல் கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக மூன்று முட்கள், விறைத்துப் பூட்டிக்கொண்டு நிற்கும். செருப்புக் காலால் மிதித்துத் தூண்டில் முள்ளைக் கழற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ரப்பர் செருப்பு கெளுத்தியின் முள்ளுக்கு ஒரு பொருட்டே இல்லை. கொறடு வைத்துக்கொள்ளுங்கள், மீனைக் கையால் தொடாமல் தூண்டில் முள்ளின் தண்டைப் பிடித்துத் திருப்பினால் தானே விழுந்துவிடும். திருக்கை வாலில் முள் உண்டு. தண்ணீரில் இறங்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடந்தால், அதிர்வில் திருக்கை விலகிப் போய்விடும். இரண்டிலும் குத்துப் பட்டால் தாங்குகிற அளவு சுடுதண்ணீரில் காயத்தை அமிழ்த்தி வையுங்கள், அரைமணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். அந்த விஷம் சூட்டில் சிதையும், வலி இறங்கும். ஐஸ் வைக்கவேண்டாம். முள் உள்ளே ஒடிந்திருந்தாலோ, நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தாலோ பிடுங்காமல் நேராக ஆஸ்பத்திரி. உப்பிக்கொண்டு பலூனாக வருகிற பேத்தையை விட்டுவிடுங்கள். அதன் விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. சமைத்தாலும் அது போகாது.

கடைசியாக, அது யாருடைய கரை என்பது. நமக்கு அது சனிக்கிழமை, அவர்களுக்கு அது பட்டறை. கரைவலை இழுக்கிறார்கள் என்றால் நரம்பைச் சுருட்டி வைத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள், கூப்பிட்டால் ஒரு கை கொடுங்கள். ஃபைபர் படகு கரையேறும்போது வேகத்தைக் குறைக்க முடியாது. அலையின் முதுகில் ஏறி, முழு வேகத்தில் மணலில் பாய்ந்தாகவேண்டும். அந்த வழியில் குறுக்கே உங்கள் நரம்பு கிடந்து புரொப்பல்லரில் சுற்றினால், அலைக்கு நடுவில் இன்ஜின் நின்றுபோகும். படகு வரிசையாக நிற்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் நல்ல தூரம் விட்டு நிற்பது மரியாதை மட்டுமில்லை. அறுந்த நரம்பைக் கரையில் போட்டுவிட்டு வராதீர்கள். அதில் பறவையின் கால் சிக்கும், நாயின் கால் சிக்கும், குப்பத்துப் பிள்ளைகளின் காலில் முள் ஏறும்.

ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் போகிறவர்களுக்கு ஒன்று கூடுதலாக. பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறுகிற காலம் அது. சென்னையில் மாணவர்கள் 1988லிருந்து ராத்திரி ராத்திரியாகக் கரையில் நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றிப் பொரிக்க வைத்து வருகிறார்கள். தலையில் கட்டுகிற விளக்கைக் கடல் பக்கம் திருப்பாதீர்கள். வெள்ளை வெளிச்சத்துக்குப் பதில் சிவப்பு போதும், இரை கட்ட அது தாராளம். ஆமை ஏறுவதைப் பார்த்தால் கோலை மடக்கிவிட்டு, அது திரும்பிப் போகிறவரை அசையாமல் இருங்கள். நீங்கள் போகிற நாளில் நடைக் குழுவினர் யாராவது எதிரே வந்தால் எந்த இடத்தில் தடம் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். கூடு எங்கே என்று தேடி மணலைக் குத்திப் பார்க்கிற வேலையை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.